யார் தைக்கிறார்கள்?

தம்பியின் பந்து கிழிந்துவிட்டது. வியாசர்பாடியில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரவுண்டிலிருந்து வந்தவன் அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். ஒரு பக்கம் தையல் விட்டு, கறுப்புத் துண்டு ஒன்று நாக்கு மாதிரி தொங்கியது. உள்ளே இருந்த ரப்பர் பிளாடர் தெரிந்தது. நான் பந்தைக் கையில் எடுத்துத் துண்டுகளை எண்ண ஆரம்பித்தேன். கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20.

"இன்னாக்கா எண்ணிக்கினு இருக்க?"

"உன் பந்துக்கும் நான் லேப்ல பார்க்கிற வைரஸுக்கும் ஒரே கணக்குடா."

"அத யாருக்கா தைக்கிறாங்க?"

கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஏழு வருடமாக நான் இதே கேள்வியோடுதான் தினமும் லேபுக்குப் போய் வருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடிகிற பதிலா அது? அதனால் எழுதுகிறேன்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். நாங்கள் சுருக்கமாக ஃபேஜ் என்போம். அதில் எம்எஸ்2 என்பது மிகச் சிறியது, குறுக்களவு சுமார் 27 நானோமீட்டர். 1961-இல் கண்டுபிடித்தார்கள். சாக்கடைத் தண்ணீர் இந்தக் குடும்பத்துக்குப் பிறந்த வீடு மாதிரி. எங்கள் பக்கம் ஓடுகிற கேப்டன் காட்டன் கால்வாயில் ஒரு பாட்டில் மொண்டு வந்தால் இதன் உறவுக்காரர்கள் கிடைப்பார்கள். உள்ளே வைரஸின் மரபுச் செய்தியாக 3569 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை, அதைச் சுற்றி ஓர் உறை. அந்த உறையைத்தான் கேப்சிட் என்கிறோம்.

அந்த உறை அப்படியே தம்பியின் பந்துதான். 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஐங்கோணத்துக்கு ஐந்து புரதம், அறுகோணத்துக்கு ஆறு. கூட்டினால் 180. ஆனால் பந்து செய்கிறவர் இரண்டு வடிவத்தில் தோல் வெட்டி வைத்துக்கொள்கிறார். எம்எஸ்2-க்குக் கிடைத்திருப்பது 129 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே புரதம். அதே துண்டுதான் ஐங்கோணத்திலும் உட்கார வேண்டும், அறுகோணத்திலும் உட்கார வேண்டும்.

எப்படி? அந்தப் புரதத்தில் சின்னக் கண்ணி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அறுகோணத்தின் நடுவில் ஆறு பேருக்கு இடம் இருப்பதால் கண்ணி நீண்டு நிற்கும். ஐங்கோணத்தின் நடுவில் இடம் நெருக்கடி. அங்கே வரும் ஐந்து புரதங்களும் கண்ணியை உள்பக்கமாக மடக்கிக்கொள்கின்றன. நிரம்பிய பஸ்ஸில் முழங்கையை மடக்கிக்கொண்டு நிற்போமே, அது மாதிரி. புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வேலைக்கு வருகின்றன. சும்மா இருக்கும் இணையில் இரண்டும் ஒரே சாயலில் இருக்கும். ஆர்என்ஏ இழையில் கொண்டை ஊசி போல வளைந்த 19 எழுத்துள்ள பகுதி ஒன்று உண்டு. அது வந்து ஒட்டியதும் இணையில் ஒன்று கண்ணியை மடக்குகிறது, மற்றது மடக்குவதில்லை. உள்ளே வைக்க வேண்டிய பொருளே, எந்தத் துண்டு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது. முதல் தடவை இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, துண்டுகள் சேர்வது இருக்கட்டும். துண்டு முதலில் துண்டாக வேண்டுமே. புரதம் பிறக்கும்போது வெறும் நூல். அது மடிந்தால்தான் வடிவம். நான் எம்.எஸ்சி. படித்த கிண்டி வளாகம், இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த இடம். புரத நூல் எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தில் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம். புரதத்துக்கு நாம் நினைப்பதைவிடச் சுதந்திரம் குறைவு, அந்தக் குறைவுதான் அதை மடிய வைக்கிறது. கிண்டியில் உட்கார்ந்து அதைப் படித்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மடிப்பு எவ்வளவு எளிதில் தவறும் என்பதைச் சென்ற மே மாதம் கண்ணால் பார்த்தேன். இப்போது நான் வேலை செய்வது பி22 என்ற ஃபேஜில். அது சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைத் தாக்கும். அதன் உறைப் புரதத்துக்கு 430 அமினோ அமிலங்கள். அதில் ஒன்றே ஒன்று மாறிய ரகம் ஒன்றை வைத்திருக்கிறோம், 28 டிகிரியில் நன்றாக வளரும். கத்திரி வெயில் நேரம், ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் வந்தும் அறையின் ஏசி ஓடவில்லை, சூட்டைச் சீராக வைத்திருக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டரின் கம்ப்ரஸரும் எடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அனல். தெர்மாமீட்டரில் 39.

தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாதாரண பி22 ஊற்றிய தட்டுகளில் பாக்டீரியாப் படலத்தின்மேல் தெளிவான வட்டங்கள், அம்மைத் தழும்பு மாதிரி. ஃபேஜ் பெருகி பாக்டீரியாவைக் கொன்ற இடங்கள் அவை. மாறிய ரகத்தின் தட்டுகளில் ஒரு வட்டம்கூட இல்லை. மூடுபனி போல ஒரே சீரான படலம். மூன்று வார வேலை.

மாறிய ரகத்தைத் தொற்றவைத்து அதே அறையில் ஃபிளாஸ்க்கில் வளர்த்த பாக்டீரியாவை அன்றைக்கே உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். குழாயின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, இறுகிப்போய் ஒரு வண்டல். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் உறைப் புரதம் முழுக்க அந்த வண்டலில். அந்தப் புரதத்தின் எடையான 47 கிலோடால்டனில் தடித்த கோடு, அளவில் குறையே இல்லை. செல் புரதத்தைத் தயாரித்திருக்கிறது. நூல்கள் பாதி மடிந்த நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

இந்த ரகங்களை அமெரிக்காவில் எம்ஐடியில் ஜொனாதன் கிங்கின் குழு விரிவாக ஆராய்ந்தது. அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்: குளிர்ந்த நிலையில் மடிந்து, உறையாகச் சேர்ந்துவிட்ட புரதத்தை அதன்பின் சூட்டில் வைத்தால் அது தாங்கும். சூடு கெடுப்பது மடியும் வழியை. மடிந்து முடித்ததை அல்ல.

வழியில் தடுமாறும் புரதங்களைக் காப்பாற்ற பாக்டீரியாவிடமே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏழு ஏழாக இரண்டு வளையம் அடுக்கிய பீப்பாய், அதற்கு ஒரு மூடி. தடுமாறும் நூலை உள்ளே வாங்கி, மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக மடிய இடம் கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்க வழி காட்டியதும் ஃபேஜ்தான். 1970-களின் தொடக்கத்தில், லாம்டா ஃபேஜை வளரவிடாத ஈ.கோலை பாக்டீரியா ரகங்கள் கிடைத்தன. அவற்றில் பழுதாகியிருந்தது இந்தப் பீப்பாயையும் மூடியையும் செய்யும் மரபணு. லாம்டாவின் தலைப் புரதத்துக்கான 'ஈ' மரபணுவில் மாற்றம் வந்தால் மட்டும் அது மறுபடி வளர்ந்தது. அதனால் அந்த பாக்டீரியா மரபணுவுக்கு 'குரோ-ஈ' என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் மாறிய ரகத்தைப் போன்றவற்றுக்கும், செல்லில் இந்தப் பீப்பாயை அதிகம் செய்ய வைத்தால் உயிர் வருகிறது. டி4 ஃபேஜின் உறைப் புரதம் கொஞ்சம் பெரியது. அது தனக்கென்று உயரமான மூடியைத் தன் மரபணுவிலேயே கொண்டுவருகிறது. பெண்ணோடு சீர்வரிசையும் வருவது போல!

இனி சாரம். கட்டடம் கட்டும் இடத்தில் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்களே, அதே சாரம். பி22 உறை பெரியது, 12 ஐங்கோணத்தோடு 60 அறுகோணம். உறைப் புரதத்தை மட்டும் தனியாக விட்டால் கோணல்மாணலாகச் சேரும். நடுவில் சாரப் புரதம் சில நூறு வந்து நின்றால்தான் சரியான அளவில், சரியான வளைவில் உருண்டை எழும்புகிறது. கட்டி முடிந்ததும் சாரப் புரதம் துளைகள் வழியே முழுசாக வெளியேறி அடுத்த உறையைக் கட்டப் போகிறது. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் அவிழ்த்த கட்டைகள் மறுநாளே ஐந்தாவது வீட்டு வாசலில் இறங்குகிறதே, அப்படியேதான்.

பந்தில் காற்றடிக்கும் துளை இருப்பது போல இதற்கும் ஒரு வாசல் உண்டு. ஓர் ஐங்கோணம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு புரதத்தின் 12 பிரதிகள் வளையமாக நிற்கின்றன. அதனால்தான் உறைப் புரதக் கணக்கு 420-இல் ஐந்து குறைந்து 415. அந்த வாசல் வழியாக ஒரு மோட்டார் டிஎன்ஏவைத் திணிக்கிறது. உருண்டை விரிந்து, சுவர் மெலிந்து, விளிம்பு தெரிய நிமிர்கிறது. ஃபை29 என்ற இன்னொரு ஃபேஜில் 2001-இல் அளந்தபோது, உள்ளழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு என்று கணக்கு வந்தது. தம்பியின் பந்துக்கு ஒரு மடங்குக்குப் பக்கத்தில் அடித்தாலே கல் மாதிரி ஆகிவிடும்.

அந்த மே மாத இரவில், தட்டுகள் இருந்த அதே இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் மாறிய ரகத்தின் ஸ்டாக் குழாய் ஒன்றும் இருந்தது. ஏற்கெனவே 28 டிகிரியில் வளர்த்து முடித்த ஃபேஜ். இரவு முழுக்க அதே 39-இல் கிடந்திருக்கிறது. இன்குபேட்டர் சரியானதும் அதை எப்போதும் போல நீர்த்து, தட்டில் ஊற்றி, 28-இல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் லேபில் இருந்தேன். மார்க்கரால் ஒவ்வொரு வட்டமாகப் புள்ளி வைத்து எண்ணினேன். 187. நோட்டைப் புரட்டினால், முந்தைய மாதம் அதே ஸ்டாக், அதே அளவு நீர்த்தது, 191.