எந்தத் தேதியில் விட்டார்?

2013 அக்டோபர் 4 மாலை, வியட்நாம் தளபதி வோ நுயென் ஜியாப் 102 வயதில் ஹனோயில் காலமானார் என்ற ஏஜென்சி செய்தி எங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்கு வந்தபோது, உள்பக்கத்தில் ஒன்றரைப் பத்தி இடம்தான் மீதமிருந்தது. அவசரத்தில், "ராணுவத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர்" என்று எழுதினேன். பதவிக்கு வந்த எந்தத் தளபதி இறந்தாலும் எடுத்துப் போட எங்களிடம் தயாராக இருந்த வாக்கியம் அது. மூத்த ஆசிரியர் 'விட்டு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "எந்தத் தேதியில் விட்டார், தம்பி?" என்று கேட்டார்.

தேடினேன், அப்படி ஒரு தேதியே இல்லை. வரலாற்று ஆசிரியராகவும் கம்யூனிஸ்ட் கட்சிக்காரராகவும் இருந்த ஜியாப், 1944 டிசம்பர் 22 அன்று 34 பேருடன் ஒரு படைப்பிரிவைத் தொடங்கியபோது எந்த ராணுவப் பள்ளியிலும் படித்திருக்கவில்லை; மறு ஆண்டே ஹோ சி மின்னின் தற்காலிக அரசில் உள்துறை அமைச்சரானார். பிரெஞ்சுப் படைக்கு எதிராக அவருக்குப் பெரும்புகழ் தந்த டியன் பியன் பூ போர் நடந்தது அதன் பிறகு, 1954இல்தான்.

அந்தப் போரிலும் என்னை நிறுத்தி வைத்தது வெற்றியைவிட அதற்கு முந்தைய ஒரு கூட்டம். ஜனவரியில் விரைவுத் தாக்குதலுக்கு எல்லாம் தயாராகி, வீரர்கள் தோள்வலிமையால் பீரங்கிகளை மலைமேல் இழுத்து ஏற்றியும் முடித்திருந்த நிலையில், இது தோற்கும் என்று கணித்த ஜியாப், தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தால் மட்டும் அதை நிறுத்திவிடாமல், போர்முனைக் கட்சிக் குழுவைக் கூட்டி, வாதாடி, ஒப்புதல் பெற்ற பிறகே பீரங்கிகளைக் கீழே இறக்கச் செய்தார். மார்ச் 13இல் தொடங்கிய தாக்குதல் 56 நாள்களில், மே 7 அன்று, பிரெஞ்சுப் படையின் சரணில் முடிந்தது. கட்சியே தளபதிக்கு மேலே இருக்கும் நாட்டில், ராணுவத்திலிருந்து அரசியலுக்குக் கடந்து வர வாசல்படி எங்கே இருக்கிறது?

இறக்கமும் அதே வீட்டுக்குள்தான் நடந்தது. 1980இல் பாதுகாப்பு அமைச்சர் பதவி போனது, 1982இல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவில் இடம் போனது. ஆனாலும் 1991 வரை துணைப் பிரதமராக வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அவரிடம் குடும்பக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைமையும் ஒப்படைக்கப்பட்டது. ஏஜென்சிக்காரர்கள் வேறு யாருடைய குறிப்பையோ கலந்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த வரியை நான் வெட்டிவிட்டேன். அது உண்மை என்று தெரிவதற்குள் பதிப்பு அச்சாகிவிட்டது. அவருடைய பிற்கால வாழ்க்கையை இடப் பற்றாக்குறையிலும் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வரி அதுதான் என்பது இன்றும் உறுத்துகிறது.

2020 ஆகஸ்டில் இன்னொரு வியட்நாம் தலைவர் லே கா பியூ இறந்தார். ராணுவத்தின் அரசியல் துறைத் தலைவராக இருந்து 1997இல் கட்சியின் பொதுச்செயலாளராகி, 2001இல் அகற்றப்பட்டவர். இவருக்காவது பழைய வாக்கியம் பொருந்தும் என்றார் பக்கத்து மேசை இளைஞர். அவர் கட்சியில் சேர்ந்தது 1949, படையில் சேர்ந்தது 1950 என்று காட்டினேன். குறிப்பை 1949இலிருந்தே தொடங்கினோம்.