டெபியன் 11-லிருந்து 12-க்கு: ஒரு பில்லிங் சர்வரை மாற்றிய அனுபவம்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. கடை திறக்கும் முன் வழக்கம்போல, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வரில், நிரல்களை நிறுவவும் உயர்த்தவும் உதவும் ஆப்ட் கருவியால் ஆப்ட் அப்டேட் கொடுத்தேன். வாராவாரம் செய்கிற வேலை என்பதால் பெரிதாகக் கவனிக்கவில்லை. அன்று அது பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது. இந்தக் களஞ்சியத்தின் பெயர் புல்ஸ்ஐ (டெபியன் 11-இன் பெயர்) என்பதிலிருந்து புக்வோர்ம் (12-இன் பெயர்) என்று மாறியிருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாமா? சரி என்று ஒய் அழுத்திவிட்டேன். அடுத்து ஆப்ட் அப்கிரேட். எப்போதும் ஐந்தோ பத்தோ பேக்கேஜ் வரும். அன்று திரை முழுக்கப் பெயர்கள் ஓடின, கடைசி வரியில் எண்ணிக்கை நானூறைத் தாண்டியிருந்தது. நடுவில் லிப்சி6 என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கிட்டத்தட்ட எல்லா நிரலும் அதன் மேல்தான் நிற்கிறது. வேண்டாம் என்று N எழுத்தை அழுத்தி வெளியே வந்தேன்.

அது ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை. நான் வெளியிலிருந்து அவர்களுடைய சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பிஹெச்பியில் எழுதிய பில்லிங் நிரல், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அது நின்றால் கவுண்டரில் ஒரு அட்டை மாத்திரைகூட பில் ஆகாது. இன்னும் அரை மணி நேரத்தில் ஷட்டர் திறந்துவிடும்.

என்ன நடந்தது என்று தேடியபோது காரணம் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. எந்தக் களஞ்சியத்திலிருந்து பேக்கேஜ்களை எடுப்பது என்று ஆப்டுக்குச் சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் புல்ஸ்ஐ என்று எழுத வேண்டிய இடத்தில் ஸ்டேபிள் என்று இருந்தது. ஸ்டேபிள் என்பது எந்தப் பதிப்புக்கும் சொந்தப் பெயர் இல்லை, அந்தந்தக் காலத்தில் நாற்காலியில் இருப்பவருக்கான பதவிப் பெயர். 2021 ஆகஸ்டிலிருந்து அந்த நாற்காலியில் டெபியன் 11 இருந்தது. ஜூன் 10, சனிக்கிழமை டெபியன் 12 வெளியாகி அங்கே உட்கார்ந்துவிட்டது. நான் ஞாயிறு தூங்கி எழுந்து திங்கட்கிழமை அப்டேட் கொடுத்திருக்கிறேன். அன்று யோசிக்காமல் இன்னொரு ஒய் அழுத்தியிருந்தால், வியாபார நேரத்தில், காப்பு நகல்கூட எடுக்காமல், முழு இயங்குதளமும் மாறத் தொடங்கியிருக்கும். எல்லா வரியிலும் ஸ்டேபிளை எடுத்துவிட்டு புல்ஸ்ஐ என்று எழுதினேன். மறுபடி அப்டேட் கொடுத்ததும் பட்டியல் பழைய அளவுக்குச் சுருங்கியது. இதைப் படிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் முறையாக மாறலாம் என்று முடிவு செய்தேன். அவசரப்படவில்லை. ஜூலை 22 அன்று 12.1 வந்தது, முதல் சுற்றுப் பிழைகள் அதில் திருத்தப்பட்டிருந்தன. அதற்குள் சர்வரின் நகல் ஒன்றை என் கணினியில் விர்ச்சுவல் மெஷினாக ஓட்டி ஒத்திகை பார்த்தேன். முதலில் தேடியது, டெபியனிலிருந்து வராத பேக்கேஜ் எதுவும் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான். ஆப்ட் பாலிசி என்று பேக்கேஜின் பெயரோடு கொடுத்தால் அது எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது என்று காட்டும். பழைய பிரிண்டருக்காக யாரோ போட்ட டிரைவர் ஒன்று மட்டும் அகப்பட்டது. அந்தப் பிரிண்டரே இப்போது கடையில் இல்லை, நீக்கிவிட்டேன்.

ஒத்திகையில் பில்லிங் நிரல் ஓடவில்லை. டெபியன் 11-இல் பிஹெச்பி 7.4, 12-இல் 8.2. ஈச் என்ற பழைய ஃபங்ஷனை பிஹெச்பி 8-இல் எடுத்தேவிட்டார்கள், நம் நிரலில் மூன்று இடத்தில் அது இருந்தது. எழுதிய நண்பரே அன்று மாலைக்குள் திருத்திக் கொடுத்தார். இன்னொரு மாற்றமும் உண்டு. இலவசமல்லாத ஃபர்ம்வேருக்கு (வன்பொருளை இயக்கும் உள் நிரல்) 12-இல் தனிப் பிரிவு வந்திருக்கிறது, சோர்சஸ் லிஸ்டில் அதைச் சேர்க்காவிட்டால் நெட்வொர்க் கார்டுக்கான ஃபர்ம்வேருக்கு அதன்பின் அப்டேட் வராது. சத்தம் போடாமல் நடக்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு, “தம்பி, நாளைக்குக் காலையில பில் போடலாம்ல?” என்று மட்டும் கேட்டார். “போடலாம் அண்ணாச்சி, சரியா வரலன்னா பழையபடியே மாத்தி வச்சிட்டுத்தான் போவேன்” என்றேன். வட்டு முழுவதையும் வெளி டிரைவில் நகலெடுத்த பிறகே தொடங்கினேன். டெபியனின் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறபடி இரண்டு கட்டமாகப் போவது நல்லது. முதலில் புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காமல் இருப்பதை மட்டும் உயர்த்துவது, அதன்பின் ஃபுல் அப்கிரேட். நடுவில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பைப் பற்றி ஒரு கேள்வி வரும்: நீங்கள் மாற்றி வைத்த கோப்பு இருக்கட்டுமா, எங்களுடையதைப் போடவா? எதையும் அழுத்தும் முன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் போர்ட் எண்ணை மாற்றி, கடவுச்சொல் நுழைவை அடைத்து வைத்திருந்தேன். புதியதை ஏற்றிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

நெஞ்சு அடித்துக்கொண்ட இடம் போஸ்ட்கிரெஸ். டெபியன் 11-இல் 13, டெபியன் 12-இல் 15. பேக்கேஜ் உயர்ந்துவிட்டது என்பதற்காகத் தரவு தானாக நகராது. க்ளஸ்டர் (ஒரு போஸ்ட்கிரெஸ் பதிப்பின் கீழுள்ள தரவுத்தளங்களின் தொகுப்பு) பட்டியலைப் பார்த்தால் இரண்டு வரி இருக்கும். 13 மெயின், போர்ட் 5432, அதில்தான் கடையின் ஆறு வருடக் கணக்கு. 15 மெயின், போர்ட் 5433, நிறுவும்போது தானாக உருவான காலி க்ளஸ்டர். காலியாக இருப்பதை முதலில் நீக்க வேண்டும், பிறகுதான் 13-ஐ 15-க்கு உயர்த்தும் கட்டளை ஓடும். நீக்கும் கட்டளையில் 15 என்பதற்குப் பதில் 13 என்று அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணை அடித்துவிட்டு, பட்டியலை இன்னொரு ஜன்னலில் திறந்து பக்கத்தில் வைத்து, வரியை வாய்விட்டு ஒருமுறை படித்து, அதற்கப்புறம்தான் என்டர் தட்டினேன். உயர்த்தும் வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பழைய 13-ஐ உடனே அழிக்காமல் ஒரு மாதம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். மாலை நான்கு மணிக்கு அண்ணாச்சியின் மகள் வந்து ஐந்து பில் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை வேறெதற்கோ காப்பு நகல் இருக்கும் கணினியைத் திறந்தால், கடைசிக் கோப்பில் சனிக்கிழமை தேதி. நான்கு இரவு நகல் போகவே இல்லை. நகலை அனுப்பும் பைத்தான் நிரலுக்குத் தேவையான பாராமிகோ நூலகத்தை முன்பு பைத்தானின் சொந்த நிறுவியான பிப் வழியாகப் போட்டிருந்தேன். அது பைத்தான் 3.9-க்கான கோப்புறையில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது இருப்பதோ 3.11, அந்தக் கோப்புறையை எட்டிக்கூடப் பார்க்காது. பிழைச் செய்தி இரவுக்கிரவு ரூட் என்ற நிர்வாகப் பயனரின் அஞ்சல்பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது, அதை யாரும் திறப்பதில்லை. ஒத்திகையில் ஏன் தெரியவில்லை என்றால், பரிசோதனை நகல் போய் உண்மையான காப்பை அழித்துவிடக் கூடாது என்று விர்ச்சுவல் மெஷினில் அந்த நிரலை நானே நிறுத்தி வைத்திருந்தேன். அந்த நான்கு நாளில் வட்டு பழுதாகியிருந்தால் நான்கு நாள் பில்லும் போயிருக்கும். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. மறுபடி பிப் கொடுத்தால் டெபியன் 12 மறுக்கிறது, இந்தப் பைத்தானை வெளியிலிருந்து ஒருவர், அதாவது ஆப்ட், நிர்வகிக்கிறார் என்கிறது. அந்த மறுப்பை மீறவும் வழி உண்டு, மீற வேண்டாம். பாராமிகோவை ஆப்ட் வழியாகவே போட்டேன். பைத்தான் உயரும்போது அதுவும் சேர்ந்து உயரும்.

மாறிய பிறகு தானியங்கி அப்டேட்டைப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினேன். அது வீண்போகவில்லை. அந்த டிசம்பரில் 12.3 வெளியாகும் நேரத்தில், 6.1.64 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் தரவைச் சிதைக்கும் பிழை இருப்பது தெரிந்து, டெபியன்காரர்களே யாரும் உயர்த்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். மறுநாள், டிசம்பர் 10 அன்று, சரிசெய்த கெர்னலோடு 12.4 வந்தது. நம் சர்வரில் கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், 6.1.0-13 என்றது, அதாவது பழைய 6.1.55. தப்பித்தோம்.

பதிப்பு எண் பழசாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 அன்று, சர்வரில் எஸ்எஸ்ஹெச்சை நடத்தும் நிரலான ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. உலகம் அது திருத்தப்பட்ட 9.8 பதிப்புக்கு ஓடியது. புக்வோர்மில் அன்றும் 9.2தான், ஆனால் திருத்தத்தை மட்டும் எடுத்து 9.2-க்குள் வைத்துத் தைத்து, பதிப்பின் வாலில் டெப்12யு3 என்று குறித்து அன்றே அனுப்பிவிட்டார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரியும் மாறவில்லை, கவுண்டரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆகவே முன் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாமல், வாலையும் படியுங்கள். இப்படித் தைத்துக் கொடுக்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 ட்ரிக்ஸி வெளியானது. சோர்சஸ் லிஸ்டில் புக்வோர்ம் என்று பெயர் எழுதியிருந்ததால் அடுத்த திங்கட்கிழமை எந்த அதிர்ச்சியும் இல்லை. அதற்கான நோட்டில் இதுவரை எழுதியிருப்பது: போஸ்ட்கிரெஸ் 17, பிஹெச்பி 8.4, பைத்தான் 3.13, டெம்ப் கோப்புறை இனி நினைவகத்தில் இருக்கும், பில்லின் பிடிஎஃப் அங்கேதான் உருவாகிறது என்பதால் அளவைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு வரி: ‘மாற்றிய அன்றிரவே நகல் போய்ச் சேர்ந்ததா, அதைத் திரும்ப ஏற்றினால் பில் திறக்கிறதா, பார்க்க.’