இரண்டு கிராம் மாட்சா

ஜப்பானில் கிரீன் டீ இலையை நைசாக அரைத்த பொடிதான் மாட்சா. மாட்சா என்றதும் எல்லோரும் கியோட்டோ பக்கத்து உஜியைத்தான் சொல்வார்கள். அந்தப் பெருமை உஜிக்குத் தகும். ஆனால் நான் குடியிருப்பது நகோயாவில். இங்கிருந்து மெய்டெட்சு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நிஷியோ வந்துவிடும். 1872 வாக்கில் அந்த ஊர்ப் புத்தர் கோயில் குரு ஒருவர் உஜியிலிருந்து தேயிலை விதையையும் பக்குவத்தையும் கொண்டுவந்தார். இன்றைக்கு அங்கே விளையும் இலை அநேகமாக எல்லாமே மாட்சாவுக்குத்தான் போகிறது. என் சமையலறை டப்பாவில் இருப்பதும் நிஷியோ மாட்சாதான்.

இன்ஸ்டாகிராமில் பச்சை நிறத்தில் ஐஸ் மிதக்கும் டம்ளரைப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இது என்ன, குடித்தால் என்ன ஆகும், எப்படிப் போடுவது? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம். முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பாலும் சீனியும் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது வெறும் வெந்நீரில் அடித்துக் குடித்துப் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் நிஷியோ தோட்டங்களுக்குப் போனால் பச்சையே அதிகம் கண்ணில் படாது. வரிசை வரிசையாகக் கறுப்பு வலை போர்த்தியிருக்கும். பறிப்பதற்கு முன் மூன்று வாரமாவது செடி அந்த நிழலில்தான் நிற்க வேண்டும். தேயிலையில் தியானைன் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. நாக்கில் தங்கும் அந்த இதமான சுவை அதனால் வருவது. வெயில் பட்டால் அது கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருளாக மாறி, கசப்பும் துவர்ப்பும் ஏறும். வெயிலை மறைத்தால் தியானைன் தங்கிவிடும். வெளிச்சம் போதாத இலை பச்சையத்தையும் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் இலை தானாக ஏற்றிக்கொண்டது.

பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, மற்ற கிரீன் டீ இலைகளைச் சுருட்டுவதுபோல் சுருட்டாமல், செங்கல் சூளையில் அப்படியே காயவைக்கிறார்கள். காம்பையும் நரம்பையும் நீக்கினால் மிஞ்சுவது தென்சா. அதைக் கருங்கல்லில் அரைத்தால் மாட்சா. நம் ஊர்த் திருகை மாதிரியேதான், மேல்கல், கீழ்கல், நடுவில் குழி. ஆனால் ஒரு மணி நேரம் சுற்றினாலும் 40 கிராம் போலத்தான் விழும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். நான் வாங்கும் 30 கிராம் டப்பாவுக்கு ஒரு கல் முக்கால் மணி நேரம் சுழன்றிருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, விலையைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. 2024 இலையுதிர்காலத்தில் கியோட்டோவின் பழைய கடைகளான இப்போடோவும் மாருக்யு கோயாமாயெனும் ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு வைத்தன. நல்ல இலை வசந்தத்தில்தான் கிடைக்கும், கல் மெதுவாகத்தான் சுற்றும். உலகமே கேட்கிறது என்பதற்காக இரண்டையும் அவசரப்படுத்த முடியாது.

இனி போடும் முறை. நான் முறைப்படி தேநீர்ச் சடங்கு கற்றவள் இல்லை, இது வீட்டுக் கைப்பழக்கம். இரண்டு கிராம், அதாவது மூங்கில் கரண்டியில் இரண்டு எடுப்பு. அதைச் சின்ன வடிகட்டியில் கட்டாயம் சலித்துவிடுவேன். இவ்வளவு நைசான பொடி கட்டி பிடிக்கும், தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தக் கட்டியை உடைப்பது பெரும்பாடு. தண்ணீர் 70 மில்லி, சூடு 75, 80 டிகிரி. தெர்மாமீட்டர் எதற்கு? கொதித்த நீரை ஒரு கப்பில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு கப்புக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றலுக்கும் ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும். காபி ஆற்றிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

அடிப்பதற்கு சாசென். ஒரே மூங்கில் துண்டை எண்பது, நூறு இழையாகக் கீறிச் செய்யும் இந்த மத்துக்கு நாரா மாகாணத்தின் தகயாமா பேர்போன ஊர். முதலில் இழைகளை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒடியும். அப்புறம் கிண்ணத்தின் அடியை உரசாமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னுமாக வேகமாக அடிக்க வேண்டும். வட்டமாகக் கலக்கினால் நுரை வராது. முதலில் பெரிய குமிழிகள் எழும்பும். கையை மெல்ல மேலே தூக்கி, பரப்பை மட்டும் தடவுவதுபோல் அடித்தால் அவை உடைந்து, வெளிர்பச்சையில் பொடி நுரை படியும். வாயில் வைத்ததும் இளங்கீரை வெந்த வாசனை, பிறகு மெல்லிய இனிப்பு, கடைசியில்தான் கசப்பு. இங்கே இதற்கு முன்னால் ஒரு இனிப்புத் துண்டு சாப்பிடுவார்கள். கடலைமிட்டாய் ஒரு வில்லை அந்த இடத்தை அருமையாக நிரப்புகிறது. சாசென் இல்லாதவர்கள் மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினாலும் போதும்.

ஆகஸ்டில் நகோயா புழுக்கம் தாங்காது. அப்போது இதே இரண்டு கிராமை 200 மில்லி குளிர்ந்த நீரில் குலுக்கிக் குடிப்பேன், கசப்பு குறைந்து இனிப்பு தூக்கலாகத் தெரியும். இளநீரோடும் நன்றாகச் சேரும். பாலில் வேண்டுமென்றால், முதலில் 30 மில்லி வெந்நீரில் கெட்டியாக அடித்து, ஐஸும் பாலும் இருக்கும் டம்ளரில் மேலாக ஊற்றுங்கள். சோயா பாலும் பொருந்தும். இனிப்புக்கு ஊரிலிருந்து வரும் பனங்கற்கண்டைப் பாகாக்கி ஒரு ஸ்பூன். கருப்பட்டி போடாதீர்கள், அதன் வாசம் மாட்சாவை அமுக்கிவிடும். எலுமிச்சையும் வேண்டாம், புளிப்பு பட்டதும் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும்.

“உடம்பு இளைக்குமாமே?” இது அம்மாவின் முதல் கேள்வி. கிரீன் டீயை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரிந்த எடைக்குறைவு மிகச் சொற்பம். அதற்காக இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். தேநீர் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு ஜப்பானில் எண்ணூறு வருடப் பழசு. எய்சாய் என்ற ஜென் துறவி 1214இல், குடித்த மயக்கம் தெளியாமல் கிடந்த ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், சனெதொமோவுக்கு ஒரு கிண்ணம் தேநீரையும், தேநீரின் நன்மையைப் பற்றித் தான் எழுதிய நூலையும் கொடுத்தனுப்பினார். என் அனுபவத்தில் காலை வேலைக்கு இது காபியைவிட நிதானமான தெம்பு. இரண்டு கிராமில் 64 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது, கூடவே தியானைனும். இரண்டும் சேர்ந்தால் கவனம் கூடுகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அம்மாவுக்கு ரத்தசோகை உண்டு. அதனால் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: “சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதேம்மா, முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் விடு.” கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைத்துவிடும். இலையை முழுதாக விழுங்குவதால் வைட்டமின் கே நிறையச் சேரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் நிறுத்த வேண்டும். கிரீன் டீ மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் நாளுக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜி, அதாவது கிரீன் டீயின் முக்கியமான கேட்டகின், அல்லது அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு மாட்சா கிடையாது, காஃபின் குறைந்த வறுத்த தேயிலையான ஹோஜிசாவைப் பாலில் போட்டுக் கொடுக்கிறேன்.

வாங்கும்போது சின்ன டப்பாவாக, மஞ்சள் படராத பச்சையாகப் பார்த்து வாங்குங்கள். பாலில் கலக்க விலை குறைந்த ரகமே போதும், வெந்நீரில் குடிக்கத்தான் உயர்ந்தது வேண்டும். டப்பாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் குளிர் விடும் வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துவிடும். திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் மீந்ததை நான் கேக் மாவில் கலந்துவிடுவேன்.