வீட்டை ஒட்டாத திண்ணை

கோலாலம்பூர் செத்தாபாக்கில் எங்களுடையது மூலை வீடு. பின்பக்கப் புல்தரை லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் சரிந்து இறங்கும். சாயங்காலம் மழை பெய்தால் மறுநாள் வரை சேறு. அங்கே 10-க்கு 12 அடியில் மர மேடை ஒன்று போடலாம் என்று மச்சானும் நானும் இறங்கினோம். அம்மா அதைத் திண்ணை என்றார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டுச் சுவரில் சட்டத்தை போல்ட் போட்டு மாட்டினால் ஒரு வரிசைக் கால் மிச்சம்தான். ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், கரையானுக்கும் வழி திறந்துவிடும். ஏற்கெனவே ஒரு கதவு நிலையைக் கரையானுக்குத் தாரை வார்த்தவன் நான். அதனால் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, தன் காலிலேயே நிற்கட்டும் என்று விட்டேன்.

ஒன்பது குழி. வீடு கட்டும்போது கொட்டிய மண் மேலே புட்டு மாதிரி உதிர்ந்தது. 2 அடி தாண்டித்தான் கெட்டி மண் வந்தது. ஐந்தாவது குழியில் மழை பிடித்துக்கொண்டது. மைலோ டின்னால் மொண்டு ஊற்றியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கான்கிரீட்டில் மரத்தை நேரடியாகப் புதைக்கவில்லை. காலைத் தாங்கும், துத்தநாகம் பூசிய இரும்புச் செருப்பைப் பதித்து, அதன்மேல்தான் 4 அங்குலக் கால்களை நிறுத்தினோம். கோணல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்தால், இரண்டு பக்கமும் 15 அடி 7½ அங்குலத்துக்குக் கிட்ட வரவேண்டும். எங்களுக்கு முதலில் ஒன்றரை அங்குலம் உதைத்தது.

2-க்கு 6 அங்குலச் சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் அடித்து முடித்தோம். மச்சான் மேலே ஏறி இடுப்பை ஆட்டிப் பார்த்தார்.

"மாமா, ஆடுதே!"

ஆடத்தான் செய்தது. லோங்காங் பக்கத்துக் கால்கள் கிட்டத்தட்ட 3 அடி உயரம். எல்லா போல்டையும் மறுபடி முறுக்கினேன், பலனில்லை. நாலு பக்கச் சட்டம் எவ்வளவு முறுக்கினாலும் சாயும், முக்கோணம் சாயாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அன்றைக்குத்தான் உறைத்தது. கால்களுக்கு நடுவே இரண்டு திசையிலும் சாய்வுச் சட்டம் கொடுத்தோம். அப்புறம் மச்சான் குதித்தே பார்த்தார், அசையவில்லை.

மேல் பலகைக்கு மெர்பாவ் மரம். செங்கால் மரம் வாங்கத்தான் ஆசை, விலையைக் கேட்டதும் அடங்கிவிட்டது. மெர்பாவும் லேசுப்பட்டதல்ல, முன்கூட்டித் துளை போடாமல் ஸ்க்ரூ இறங்காது. சிக்கனம் பார்த்து முதல் வரிசைக்கு வீட்டில் கிடந்த சாதாரண இரும்பு ஸ்க்ரூவை அடித்தேன். மரச்சாறு பட்டு, தலையைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு வட்டம். எல்லாவற்றையும் கழற்றி, துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு மாற்றினேன். பலகைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்க 5 மில்லிமீட்டர் விட்டோம்.

அந்த இடைவெளி வழியாகத்தான் முதல் மழையில் செம்பழுப்புச் சாறு இறங்கி, பின்வாசல் சிமெண்டுத் தரை முழுக்கப் பரவியது. பலகையை அடிப்பதற்கு முன்பே நன்றாகக் கழுவி, சாறு போக விட்டிருக்கலாம். அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"யாருடா இங்கே வெற்றிலை போட்டுத் துப்பி வைத்தது?"

மூன்று வாரம் பிரஷ்ஷும் கையுமாக இருந்தேன். கோலம் போடும் மூலையில் மட்டும் கறை இன்னும் இருக்கிறது.