மேல்காற்றும் கன்னிப்பூ நெல்லும்

புரட்டாசி 5, ஞாயிறு. தாழக்குடி

குமரி மாவட்டத்தில் வரும் வாரம் பெரும்பாலும் வறண்ட வானிலையே நிலவும் என்றும், பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸையும் இரவு வெப்பம் 24 டிகிரியையும் ஒட்டியே இருக்கும் என்றும் இன்றைய முன்னறிவிப்பு கூறுகிறது. முதல் போகமான கன்னிப்பூ நெல்லை அறுத்துக் களத்தில் போட்டிருக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் வழக்கமான நாள் செப்டம்பர் 17. நாடு முழுவதும் விலகி முடிய அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பிறகே தொடங்கும். இரண்டு மழையும் பெய்யும் இம்மாவட்டத்தில், கன்னிப்பூ அறுவடையும் அடுத்த போகமான கும்பப்பூ நடவுக்கான ஆயத்தமும் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தாக வேண்டும்.

புரட்டாசி 6, திங்கள்

விடியற்காலையில் பனி இல்லை. எட்டு மணிக்கெல்லாம் தார்ப்பாயை விரித்துவிட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, வெயில் கடுமையாக இல்லாத நாளிலும் நெல்லை உலர்த்திவிடும். ஆனால் மேலே கிடக்கும் மணி சலசலவென்று காய்ந்திருக்க, அடியில் கிடப்பது கைக்கு ஈரமாகவே படும் என்பதால், மணிக்கொரு முறை காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைவதே எங்கள் கணக்கு. கொள்முதல் நிலையத்துக் கருவியின் கணக்கோ ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் கருவிதான் ஜெயிக்கும்.

புரட்டாசி 8, புதன்

பக்கத்துக் களத்துத் தம்பி, “அண்ணாச்சி, மழ இல்லன்னு சொன்னாவளே, பேச்சிப்பாறைல நேத்து சாயங்காலம் நல்லா அடிச்சிருக்கு” என்று குறைப்பட்டுக்கொண்டார். முன்னறிவிப்பைக் குறை சொல்ல இதில் இடமில்லை. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்பதே அதன் பொருள். அந்தக் கால் பங்கு எந்தப் பக்கம் விழும் என்பதை இங்குள்ளவர்கள் நிலத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேல்காற்று தளரும் பகலில் மலைச்சரிவு சூடேறி, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே மேலெழுந்து, மாலையில் இடியுடன் கொட்டிவிடுகிறது. பேச்சிப்பாறை, சுருளகோடு, திற்பரப்புப் பக்கம் ரப்பர் மரப்பட்டை நனைந்தால் மறுநாள் பால்வெட்டு கிடையாது. அதே வேளையில் எங்கள் தோவாளைத் தாலுகாவில் புழுதி பறக்கும். ஒரே மாவட்டம், ஒரே அறிவிப்பு என்பதற்காக ரப்பர்க்காரரும் நெல்லுக்காரரும் அதை ஒரே மாதிரி வாசிக்க முடியாது.

புரட்டாசி 9, வியாழன்

மாற்றமில்லை. நெல் கிளறினோம், வைக்கோலைப் புரட்டினோம்.

புரட்டாசி 11, சனி

ஒரு வேலையாக முப்பந்தல் வரை போயிருந்தேன். இந்த மாதங்களில் அங்குள்ள காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பிச் சுழன்றுகொண்டிருப்பதே வழக்கம். இன்று பலவற்றின் இறக்கைகள் அசையவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த சிலவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன. கணவாயில் காற்று ஓய்ந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பிற்பகலில் தாடகை மலைக்குப் பின்னால் மேகம் அடியில் கறுத்தும் உச்சியில் வெளுத்தும் திரண்டது. மாலை அறிவிப்பும், உள்மாவட்டத்தில் இடிமழைக்கு வாய்ப்பு கூடியிருப்பதாகவே சொன்னது.

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டமான 48 அடிக்கும் பெருஞ்சாணி அணையின் 77 அடிக்கும் தண்ணீர் சேர்ந்தால்தான் கும்பப்பூவுக்குக் கால்வாயில் குறைவின்றி வரும் என்பதால், மலையில் பெய்வதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நெல்லை இன்று மாலையே மூட்டை பிடித்துவிட்டோம். வைக்கோல் பாதிதான் போர் ஏறியிருக்கிறது. மீதியைத் தார்ப்பாயால் மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தாயிற்று. நாற்றங்காலுக்கான விதையைத் திங்களன்று ஊறப் போடலாம் என்றிருக்கிறேன்.