ஃபெட்-2 பழுதுபார்ப்பு: துணி, கிரீஸ், கண்ணாடிப் பூச்சு

ஐம்பது, அறுபது வருடம் கடந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (இரட்டைப் பிம்பத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமரா) ஒன்றைத் திறந்தால் பித்தளைப் பற்சக்கரம் தேய்ந்து கிடப்பது அரிது. மெழுகாகக் காய்ந்த கிரீஸ், விறைத்த ரப்பர் பூசிய ஷட்டர் துணி, அந்தத் துணியை இழுக்கும் பசை விட்ட நாடா, மங்கிய கண்ணாடிப் பூச்சு: கேமரா நின்றுபோவது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றால். இவற்றை வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்ய முடிகிற கேமரா இன்னும் பல காலம் ஓடும். முடியாதது எத்தனை கெட்டியாக இருந்தாலும் அலமாரிக்குத்தான் போகும்.

அதைச் செய்து பார்க்க ஃபெட்-2 தோதான கேமரா உடல். சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரத்து ஃபெட் தொழிற்சாலை 1934-இல் ஜெர்மனியின் லைகா 2-ஐப் பார்த்து கேமரா செய்யத் தொடங்கியது. 1955 முதல் 1970 வரை வந்த ஃபெட்-2, அதே மாதிரி துணி ஷட்டரை (இரண்டு துணித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, இடையிலுள்ள பிளவு வழியே ஃபிலிமில் வெளிச்சம் விடுவது) வைத்துக்கொண்டு இரண்டு நல்ல மாற்றங்களைச் செய்தது. பின்மூடி முழுதாகக் கழன்று வரும். வ்யூஃபைண்டரும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஒரே ஜன்னலில் தெரியும். லென்ஸ் பொருத்த எம்39 திருகு மவுன்ட். பேட்டரி கிடையாது, வெளிச்சம் அளக்கும் மீட்டரும் கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல்களுக்கு இடையே 67 மி.மீ. தூரம், உருப்பெருக்கம் சுமார் 0.75. பெருக்கினால் கிட்டத்தட்ட 50 மி.மீ., ஃபோகஸ் துல்லியத்தைக் காட்டும் அளவு இதுதான். லைகா எம்6-க்கு இதே கணக்கு 69.25 × 0.72, அதுவும் ஏறக்குறைய 50. ஃபோகஸ் துல்லியத்தில் இந்தச் சோவியத் உடலைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. குறை இருந்தால் அது ட்யூனிங்கில்தான் இருக்கும்.

கழற்றுவதற்கு முன்

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனை டார்ச் சோதனை. லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, இருட்டறையில் முன்பக்கத்திலிருந்து பிரகாசமான டார்ச்சை அடித்துப் பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ஷட்டரை ஏற்றாமல் (வைண்ட் செய்யாமல்) ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை. அப்போதுதான் இரண்டு திரைகளும் தெரியும். டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்து அடிக்க வேண்டும், சில ஓட்டைகள் நேரே அடித்தால் காட்டாது. வட்டமான ஒற்றை ஓட்டை என்றால் அநேகமாக வெயில் சுட்டது. ரேஞ்ச்ஃபைண்டரில் ஷட்டருக்கு முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி கிடையாது. மூடியில்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்து இருந்தால் அதன் பிம்பம் நேராகத் துணியில் விழும். நம்மூர் வெயிலுக்கு லென்ஸ் மூடி கட்டாயம். நட்சத்திரம் போலப் பல பொடி ஓட்டைகள், அதுவும் துணி மடங்கும் ஓரத்தில் இருந்தால், ரப்பர் வெடித்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது வேகம். ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றும்போது டயலும் சேர்ந்து சுற்றுவதால், ஏற்றாத நிலையில் குறி காட்டும் எண் உண்மையானது அல்ல. இன்னொரு சோவியத் கேமராவான ஸோர்க்கி-4-இல் இந்த விதியை மீறினால் உள்ளே பொறியே சிக்கிக்கொள்ளும். விற்பவரிடம் ஃபெட்டை வாங்கிப் பார்க்கும்போதும் இதே வரிசைதான்.

ஃபிலிம் நகரவில்லை என்று ஒதுக்கிய உடல்களில் பழுதே இல்லாமல் இருப்பதும் உண்டு. ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையம் ரீவைண்ட் நிலையிலேயே நின்றிருக்கும். அதை முதலில் பார்த்துவிடலாம்.

துணி

இங்கே எடுத்த உடலில் இரண்டாவது திரையின் ஓரத்தில் பொடி ஓட்டைகள், மற்றபடி துணி வளைந்து கொடுத்தது. இப்படி இருந்தால் பூசிப் பார்க்கலாம். துணி அட்டை போல விறைத்திருந்தால் பூச்சு வீண், மாற்றத்தான் வேண்டும்.

பூச்சுக்குத் துணியில் அடிக்கும் கறுப்பு நிற, ரப்பர்த்தன்மையுள்ள பெயின்ட் போதும். உலர்ந்தபின் மடக்கினால் வெடிக்காததா என்று வேறொரு துணியில் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். 0 நம்பர் பிரஷ், மிக மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயவிட்டு இன்னொரு மெல்லிய பூச்சு. காயும்வரை ஷட்டரைச் சுற்றக் கூடாது, சுருண்ட துணி தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். கனமாகப் பூசினால் என்ன ஆகும் என்பது கணக்கிலேயே தெரியும். துணியின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். பூச்சு அதில் பாதி சேர்ந்தாலும் உருளையில் சுருளும்போது விட்டம் கூடும், எடையும் கூடும், திரை தாமதமாக ஓடும். ஓட்டை அடைபட்டுவிடும், ஆனால் 1/500 வினாடி வேகம் கெட்டுவிடும்.

மாற்றுவது பெரிய வேலை, ஆனால் மர்மமான வேலை அல்ல. ஷட்டர் பெட்டியை வெளியே எடுத்ததும் பழைய திரையைப் பிய்க்கும் முன், அதன் விளிம்பு உருளையில் எந்தக் கோட்டில் ஒட்டியிருக்கிறது என்று கூரிய ஊசியால் உலோகத்தில் கீறிக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய துணியையும் நாடாவையும் ட்ரேசிங் தாளில் வைத்து அச்செடுக்க வேண்டும். புதிய துணியின் ரப்பர் பக்கம் பழையது பார்த்த திசையையே பார்க்க வேண்டும். ஒட்டுவதற்கு வளையக்கூடிய கான்டாக்ட் பசை. உடனடிப் பசை வேண்டாம், அது காய்ந்ததும் கண்ணாடி போல நொறுங்கும். இரண்டு நாடாக்களின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், திரையின் விளிம்பு சாய்ந்து ஓடி, படத்தின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வெளிச்சம் மாறும்.

கிரீஸும் இழுவிசையும்

மேல்தட்டைக் கழற்றும் முன் வேக டயலின் குறி எந்த எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்று போனில் படமெடுத்துவைக்க வேண்டும். டயலைப் பிடித்திருப்பவை சின்ன செட் ஸ்க்ரூக்கள். அவற்றின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை முனை இல்லாவிட்டால் தொடாமல் இருப்பது நல்லது. இந்த ஸ்க்ரூக்கள் மிருதுவானவை, பள்ளம் ஒருமுறை சிதைந்தால் அன்றைய வேலை முடிந்தது. லென்ஸ் மவுன்ட் வளையத்தைக் கழற்றினால் அடியில் காகிதம் போன்ற மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும். மவுன்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. என்ற அளவைக் காப்பவை அவைதான். அதே வரிசையில், அதே இடத்தில் திரும்பப் போக வேண்டும்.

பழைய கிரீஸ் மஞ்சள் மெழுகாக உறைந்திருக்கும். கடிகாரக் கடைகளில் புழங்கும் வெள்ளைப் பெட்ரோல் அல்லது லைட்டர் பெட்ரோல், பஞ்சு சுற்றிய பல்குச்சி, பொறுமை. பெட்ரோல் துணியில் வழியக் கூடாது, ரப்பர் உப்பும். புதிய எண்ணெய் உருளைகளின் அச்சு முனைகளில் மட்டும், அதுவும் ஊசிநுனியில் தொட்டெடுத்த அளவு. சொட்டுக் கணக்கில் விட்டால் சில மாதத்தில் துணிக்கு ஏறிவிடும்.

திரைகளை இழுக்கும் சுருள்வில் உருளைகளின் திருகுத் தலைகள் உடலின் அடிப்பக்கம் இருக்கும். பலரும் முதலில் கைவைப்பது இங்கேதான், அதுதான் கோளாறு. அழுக்கினால் மந்தமான திரையை வில்லை முறுக்கி ஓடவைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு நாடாவின் ஒட்டு விட்டுப்போகும். முதலில் சுத்தம், பிறகு எண்ணெய், ஒரு நாள் கழித்து அளவு, அதன் பிறகும் குறை இருந்தால் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கு.

அளவெடுக்க 32 மி.மீ. இடைவெளியில் பொருத்திய இரண்டு போட்டோ டிரான்சிஸ்டர்கள், 9 வோல்ட் பேட்டரி, கணினியின் ஸ்டீரியோ ஒலி உள்ளீடு. ஒலிப்பதிவு மென்பொருளில் இரண்டு சென்சார்களின் அலைகளும் தெரியும். அலை எழும் இடம் முதல் திரை கடந்த நேரம், அலை விழும் இடம் இரண்டாவது திரை கடந்த நேரம். இந்த வகைத் துணி ஷட்டரில் திரை 36 மி.மீ. சட்டத்தை (ஃபிலிம் ஃபிரேமை) கடக்க ஏறக்குறைய 18 மில்லிசெகண்ட் எடுக்கும் என்று வைத்தால், 1/500-இல் அதாவது 2 மில்லிசெகண்டில் இடையே உள்ள பிளவு வெறும் 4 மி.மீ. இரண்டு திரைகளும் ஒரே அளவு நேரத்தில் சட்டத்தைக் கடக்காவிட்டால் இந்த 4 மி.மீ. போகப்போக 3 ஆகும், 2 ஆகும், மோசமான உடலில் முழுதாக மூடியே போகும். அதனால் 1/500 என்பது 1/350 ஆக இருப்பது பெரிய குற்றமில்லை, வெளிச்ச அளவில் அரை ஸ்டாப்தான். சட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அது 1/350 ஆகவே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ரேஞ்ச்ஃபைண்டர்

முதலில் ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பாதி ஊடுருவும் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. அந்தப் பூச்சு பஞ்சு பட்டாலே உரிந்து வரும். ரப்பர் ஊதியால் தூசியை ஊதலாம், அவ்வளவே. பூச்சு ஏற்கெனவே போய், நடுவிலுள்ள இரட்டைப் பிம்பம் தெரியாத அளவு மங்கியிருந்தால், பீம்ஸ்ப்ளிட்டர் எனப்படும் புதிய பாதி ஊடுருவும் கண்ணாடித் துண்டை அதே தடிமனில், அதே அளவில் வெட்டிப் பொருத்த வேண்டும். பூச்சுப் பக்கம் பழையதைப் போலவே வர வேண்டும், திருப்பி வைத்தால் பேய்ப்பிம்பம் வரும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். லென்ஸை முடிவிலியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரம் மாதிரி செங்குத்தான ஒன்றைப் பார்க்க வேண்டும். பிம்பம் இடவலமாக விலகியிருந்தால் முன்பக்கம் ஜன்னல்களுக்கு இடையே உள்ள சின்ன மூடி ஸ்க்ரூவைக் கழற்றி, துளைக்குள் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பிறகு 1 மீட்டர், டேப்பால் ஃபிலிம் தளத்திலிருந்து அளந்தது. முடிவிலி சரியாகி 1 மீட்டர் மட்டும் பிசகினால் காரணம் மவுன்டுக்குள் லென்ஸைத் தொடும் துளி வடிவ நெம்புகோல் முனை. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி முனையை மிகச் சிறிதளவு சுழற்ற வேண்டும். சுழற்றியதும் முடிவிலி மறுபடி நகரும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், சேரும்வரை மாறிமாறிச் செய்வதைத் தவிர வழியில்லை. மேல்கீழ் விலகல் கடைசியில். சிறிய வட்ட ஜன்னலின் வெளி வளையத்தைத் திருகி எடுத்தால் உள்ளே ஆப்புக் கண்ணாடி. அதைச் சுழற்றினால் பிம்பம் ஏறும், இறங்கும், கூடவே இடவலமாகவும் அசையும். ஆகவே முடிவிலியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தபின் லென்ஸே பிசகியிருந்தால் என்ன பயன்? ஃபிலிம் ஓடும் உட்தண்டவாளங்கள் மேல் மங்கல் கண்ணாடி வைத்து, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) கேபிளால் திறந்து பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெளித்தண்டவாளத்தில் வைத்தால் தளம் பின்னால் போய்விடும். இண்டஸ்டார்-61 லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் ஹெலிகாய்டை, அதாவது ஃபோகஸ் மரையை, பிரித்துக் கழுவலாம், ஆனால் மரை பிரிகிற இடத்தைக் குறிக்காமல் பிரிக்கக் கூடாது. பல தொடக்கங்கள் உள்ள மரை அது, தவறான தொடக்கத்தில் ஏற்றினால் முடிவிலி கிடைக்காது.

மற்ற உடல்கள்

கியெவ்-4 ஜெர்மன் கேமராவான கான்டாக்ஸின் வழிவந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் நீண்ட கண்ணாடிக் கட்டை என்பதால் எளிதில் பிசகாது. ஷட்டர் உலோகம், ஆனால் அதைப் பிடித்திருப்பது பட்டு நாடா. நாடா அறுந்தால் ஃபெட் திரையை மாற்றுவதைவிடக் கடினமான வேலை. கேனனெட் கியூஎல்17 ஜி-3-இல் இலை ஷட்டரின் தகடுகளில் எண்ணெய் ஊறி ஒட்டிக்கொள்ளும், முன் லென்ஸ் தொகுதியைக் கழற்றிப் பெட்ரோலால் கழுவினால் பெரும்பாலும் ஓடும். 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இன்று கிடைக்காது. காதுகேள் கருவிக்கான 675 துத்தநாக-காற்று பேட்டரியை ரப்பர் வளையத்துக்குள் வைத்து நடுப்படுத்தலாம். மீட்டரே இல்லாவிட்டாலும் கைமுறையில் எல்லா வேகமும் வேலை செய்யும். யாஷிகா எலக்ட்ரோ 35 அப்படியல்ல, பேட்டரி செத்தால் 1/500 மட்டும்தான். லைகா எம்3 திரையிலும் பற்சக்கரத்திலும் அசகாயம், ஆனால் ஒரு அடி பட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் பட்டகத்தின் பால்சம் பசை விட்டுப் பார்வை கறுத்துவிடும், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

சோதனைச் சுருள்

சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர், 1/500-க்கு லென்ஸ் எஃப் 5.6, ஃபோகஸ் முடிவிலி. 1/500, 1/250, 1/125, 1/60 என்று ஒவ்வொன்றிலும் மூன்று சட்டங்கள். வேகம் குறையக் குறையக் கூடும் வெளிச்சத்துக்கு ஈடாக அபெர்ச்சரையும் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சிறிதாக்கிக்கொண்டே போனால் எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். ஒரு பக்கம் படிப்படியாகத் தெளிந்தால் திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை. செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் திரை திக்கித்திக்கி ஓடுகிறது, எங்கோ அழுக்கு பாக்கி. எல்லாச் சட்டத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் திரையில் இன்னொரு ஓட்டை. இந்த உடலில் 1/250 வரை சமமாக வந்தது, 1/500-இல் கடைசி ஓரம் லேசாகத் தெளிவு. சுத்தம் செய்து இட்ட எண்ணெய் உட்கார ஒரு வாரம் விட்டு, ஏற்றாத நிலையில் வைத்து, மறுபடி அளந்த பிறகே முறுக்கைத் தொடுவதாக உத்தேசம்.