இத்தாலி எல்லையில் வாய்க்கு வர வேண்டிய நாலு வரி

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கமிருந்து இத்தாலி போகிறவர்கள் முதலில் பழக வேண்டிய சொல் ‘கொஞ்ஞோமே’. குடும்பப்பெயர் என்று அர்த்தம். ‘நோமே’ சொந்தப் பெயர். நமக்குத்தான் குடும்பப்பெயரே கிடையாதே! அதனால் அப்பா பெயரை ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் எழுதிச் சிக்கிக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ, விசா, டிக்கெட், படிவம் எல்லாவற்றிலும் அதேதான் இருக்க வேண்டும்.

‘மொத்தீவோ தெல் வியாஜ்ஜோ?’ என்றால் எல்லை அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறார். வேலைக்கு ‘பெர் லவோரோ’, சுற்றிப் பார்க்க ‘பெர் தூரிஸ்மோ’. விசாவில் இருப்பதையே சொல்லுங்கள். ‘குவாந்தோ தெம்போ ரெஸ்தா?’ என்றால் எத்தனை நாள். ‘துயே செத்திமானே’, இரண்டு வாரம். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது.

இரட்டை மெய்யை அழுத்துவது நமக்குச் சுலபம். ‘அன்னோ’ என்றால் வருடம். ஒற்றை ‘ன’ போட்டு ‘ஆனோ’ என்றால் ஆசனவாய். வயது சொல்லும்போது கவனம்!

சுங்கம் ‘தொகானா’. கருவாட்டுக்கு ‘பெஷ்ஷே செக்கோ’ என்று சொல்லலாம். சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் அனுமதி உண்டு. இறைச்சி, நெய், பால்கோவா கூடாது, பறிமுதல்தான்.

90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் இறங்கிய 8 வேலை நாளுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ’ என்ற தங்கல் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘ஃபிர்மா’ என்று காட்டும் இடத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தையே போடுங்கள்.